போக்கரில் புதிதாக இறங்குகிறவன் மாதம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஃபீனிக்ஸ் தம்பி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸில் இருக்கிறேன், வயது 27, ஒரு கிடங்கில் ஸ்டாக் கன்ட்ரோல் வேலை. மணிக்கு 60 ரேண்ட் சம்பளம். சின்ன வயதிலிருந்தே வீட்டில் துனி என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவன். மாமா, சித்தப்பாக்களோடு உட்கார்ந்து ஆடி ஆடி, எந்தச் சீட்டு விழுந்தது, எது இன்னும் வெளியே வரவில்லை என்று மனதில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நன்றாகவே வந்துவிட்டது. போன வருடம் நண்பர்கள் டெக்சஸ் ஹோல்டம் (கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு வைத்து ஆடும் போக்கர்) கற்றுக்கொடுத்தார்கள். வார இறுதியில் யாராவது ஒருவர் வீட்டு கராஜில் சின்னத் தொகைக்கு ஆடுவோம், அங்கே பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன்.

கொஞ்ச நாளாக சனிக்கிழமை ராத்திரி கேசினோவில் 10/20 ரேண்ட் மேசையில் (ஒவ்வொரு கைக்கும் இருவர் முன்கூட்டியே கட்டாயமாகப் போடும் தொகை 10, 20) உட்காருகிறேன். மொத்தம் முப்பது மணி நேரம் ஆடியிருப்பேன், 6,000 ரேண்ட் லாபம் நிற்கிறது. அதாவது மணிக்கு 200 ரேண்ட், என் சம்பளத்தைப்போல மூன்று மடங்குக்கு மேல். முழு நேரம் ஆடினால், மாதம் 160 மணி நேரத்துக்கு 32,000 வருகிறது. சரி, அவ்வளவு வேண்டாம், அதில் பாதியாவது, மாதம் 15,000 என்று நம்பி வைத்துக்கொள்ளலாமா? அடுத்த வருடம் கல்யாணம், வீட்டுக்கு பாண்ட் (வீட்டுக் கடன்) எடுக்கும் யோசனையும் இருக்கிறது. வேலையை உடனே விடப்போவதில்லை, ஆனால் சனி ஞாயிறு கிடைக்கும் ஓவர்டைமை விட்டுவிட்டு அந்த நேரத்தைப் போக்கருக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன். ஆடித் தெரிந்தவர்கள் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் அண்ணன் எழுதியது:

தம்பி, கல்யாணத்துக்கு வாழ்த்துகள். 15,000 என்று வைத்துக்கொள்ளாதே. புதிதாக வருகிறவன் முதல் வருடம் கொஞ்சம் நஷ்டம் வரும் என்று நினைத்து உட்காருவதுதான் சரி. லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் வருடத்தை முடித்தால் அதுவே பெரிய காரியம், அந்த மேசையில் உட்காருகிற பெரும்பாலானவர்களுக்கு அது நடப்பதில்லை.

முதல் காரணம் ரேக். கராஜில் ஆடும்போது ஒருவன் தோற்ற காசு அப்படியே இன்னொருவன் பக்கம் போகிறது. கேசினோவில் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் (எல்லோரும் போட்டு நடுவில் சேர்ந்த பணம்) அவர்கள் பங்கை எடுத்துக்கொண்டுதான் மீதியைத் தள்ளுவார்கள். இடத்துக்கு இடம் மாறும், பொதுவாக 5 முதல் 10 சதவீதம், ஒரு உச்சவரம்பு வரை. கணக்குப் பார்க்க வசதியாக, ஒரு கைக்கு, அதாவது ஒரு ஆட்டச் சுற்றுக்கு, சராசரி 20 ரேண்ட் என்று வை. டீலர் மணிக்கு முப்பது கை போடுவார். ஆக 600 ரேண்ட் ஒவ்வொரு மணி நேரமும் மேசையை விட்டே போய்விடுகிறது. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 67 ரேண்ட். ஒன்பது பேரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்றால் ஒன்பது பேரும் தோற்றுத்தான் வீட்டுக்குப் போவார்கள். எல்லாரையும்விடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதும் என்று நினைக்கிறோம் பார், அது போதாது. மணிக்கு 67 ரேண்ட் அளவுக்கு நன்றாக ஆடினால்தான் பூஜ்யத்துக்கே வருகிறாய். அதற்கு மேல் டீலருக்கு டிப்ஸ், பெட்ரோல், ராத்திரி சாப்பாடு.

கேசினோ மேசையில் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரன், வருடக்கணக்காக ஆடிப் பழகியவன், இந்தச் சின்ன மேசைகளில் மணிக்கு ஐந்து பிக் பிளைண்ட் (அந்தக் கட்டாயத் தொகை இரண்டில் பெரியது) எடுத்தால் அதை நல்ல வருமானம் என்றே சொல்வார்கள். 10/20 மேசையில் அது 100 ரேண்ட். இப்போது உன் ஓவர்டைமைப் பார். சட்டப்படி ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, வழக்கமாக ஞாயிறு வேலை செய்யாதவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு. உன் 60 ரேண்டுக்கு அது 90, 120. எந்தக் கையும் உடையாது, எவனும் ரிவரில் (நடுவில் விழும் கடைசிச் சீட்டில்) வந்து உன்னை ஜெயிக்க மாட்டான். வருடங்கள் கழித்து நீ நல்ல ஆட்டக்காரனாக ஆன பிறகு கிடைக்கக்கூடிய தொகையை உனக்கு இன்றைக்கே, நிச்சயமாக, கிடங்கு முதலாளி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதை விட்டுவிடாதே.

துனி பற்றிச் சொன்னாய். எனக்கும் அதுதான் பள்ளிக்கூடம். ஆனால் துனியில் மொத்தம் 24 சீட்டு, நான்கு பேருக்கும் ஆறாறாகப் பிரித்து முழுதும் வெளியே வந்துவிடும். ஜாக் போயிற்றா, ஒன்பது யாரிடம் என்று எண்ணிக்கொண்டே வந்தால் கடைசி இரண்டு மூன்று சுற்றில் எதிராளியின் கையை ஏறக்குறையப் பார்த்துவிடலாம். எதிரே கூட்டாளி வேறு இருக்கிறான். போக்கரில் 52 சீட்டில் உன் இரண்டும் நடுவில் விழும் ஐந்தும்தான் உனக்குத் தெரியும், மீதி 45 கடைசிவரை தெரியாது. முக்கியமான வேலையே வேறு: பத்துக் கையில் ஏழெட்டை ஃபோல்டு பண்ணிவிட்டு (ஆடாமல் விட்டுவிட்டு) சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். துனி ஆடி வந்தவர்களுக்கு இதுதான் கஷ்டம், ஏனென்றால் அங்கே வந்த கையை ஆடித்தான் ஆக வேண்டும், எழுந்து போக முடியாது. கராஜில் நீ ஜெயிப்பதற்கும் அதுதான் காரணமாக இருக்கும், உன் நண்பர்கள் எல்லாக் கையையும் ஆடுகிறார்கள், நீ கொஞ்சம் பொறுக்கிறாய். கேசினோ மேசையில் பொறுக்கிறவர்கள் மூன்று நான்கு பேர் எப்போதும் இருப்பார்கள்.

ஜோபர்க் கணக்கு டீச்சர் எழுதியது:

அண்ணன் சொன்ன ரேக் கணக்கு சரி. நான் அந்த முப்பது மணி நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் தங்களை அறியாமல் ஏமாறுகிறார்கள்.

மணிக்கு முப்பது கை என்றால் நீங்கள் ஆடியது 900 கை. நோ லிமிட் ஹோல்டமில் (பந்தயத் தொகைக்கு வரம்பு இல்லாத ஆட்டம்) ஏற்ற இறக்கம் மிகப் பெரியது. நூறு கைக்கு நியம விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்ற அளவு) 80 முதல் 100 பிக் பிளைண்ட் வரை இருக்கும் என்பது பரவலாகத் தெரிந்த கணக்கு. நடுவில் 90 என்று வையுங்கள். 900 கைக்கு அது 270 பிக் பிளைண்ட், உங்கள் மேசையில் 5,400 ரேண்ட். உங்கள் லாபம் 6,000. அதாவது லாபமே எடுக்கத் தெரியாத, சரியாகப் பூஜ்யத்தில் நிற்கிற ஒருவர் அதே 900 கை ஆடினாலும் 6,000 அல்லது அதற்கு மேல் எடுத்துவர ஏறக்குறைய எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. நூறு கைக்கு ஐந்து பிக் பிளைண்ட் என்று மெதுவாகத் தோற்றுக்கொண்டே போகிறவருக்குக்கூட பத்தில் ஒரு வாய்ப்பு. தோற்கிற ஆட்டக்காரர்கள் பத்துப் பேரை உட்கார வைத்தால் அதில் ஒருவர் முப்பது மணி நேரம் கழித்து இதே கேள்வியை எழுதிக்கொண்டிருப்பார். நீங்கள் அவராக இல்லாமலும் இருக்கலாம், நிஜமாகவே திறமை இருக்கலாம். 900 கையை வைத்து யாராலும் அதைச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

மறுபக்கமும் இருக்கிறது, அது உங்களுக்கு நாளைக்கு உதவும். நூறு கைக்கு ஐந்து பிக் பிளைண்ட் லாபம் எடுக்கக்கூடிய ஒருவர், உண்மையிலேயே ஜெயிக்கத் தெரிந்தவர், 1,000 கை முடிவில் நஷ்டத்தில் இருக்க வாய்ப்பு 43 சதவீதம். 10,000 கை முடிவிலும் 29 சதவீதம். 100,000 கை ஆடிய பிறகுதான் அது 4 சதவீதத்துக்கு இறங்குகிறது. வாரம் ஒரு சனிக்கிழமை ஐந்து மணி நேரம் என்றால் 10,000 கைக்கு ஒன்றேகால் வருடம் ஆகும். 100,000 கைக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல். அதனால் இரண்டு மாதம் லாபம் வந்தால் தலைகால் தெரியாமல் போவதும் தவறு, இரண்டு மாதம் நஷ்டம் வந்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று ஆட்டத்தை முழுக்க மாற்றுவதும் தவறு.

அண்ணன் சொன்ன அந்த நல்ல ஆட்டக்காரரையே எடுத்துக்கொள்வோம், மணிக்கு ஐந்து பிக் பிளைண்ட். மாதம் இருபது மணி நேரம் ஆடுகிறார். சராசரி 2,000 ரேண்ட் வர வேண்டும். ஆனால் அந்த 600 கைக்கு ஏற்ற இறக்கம் 4,400 ரேண்ட். மூன்று மாதத்தில் இரண்டு மாதம் அவர் கையிருப்பு 2,400 நஷ்டத்துக்கும் 6,400 லாபத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கும், மற்ற மாதம் அதற்கும் வெளியே. மாதக் கடைசியில் நஷ்டத்தில் முடிகிற மாதம் மூன்றில் ஒன்று. இவர் நல்ல ஆட்டக்காரர் என்பதை மறக்க வேண்டாம். பாண்ட் தவணை ஒன்றாம் தேதி பிடிக்கிறார்களே, அது சராசரியைப் பார்த்துப் பிடிப்பதில்லை.

இன்னொன்று, பலரும் நினைத்தே பார்க்காதது. கையில் இரண்டு ஏஸ் வருவது 221 கையில் ஒரு முறை. ஐந்து மணி நேர ராத்திரியில் 150 கைதான் கிடைக்கும், எனவே பாதி ராத்திரிகளில் உங்களுக்கு ஏஸ் ஜோடி ஒருமுறைகூட வராது. வந்து, எதிரே ராஜா ஜோடி வைத்திருப்பவர் எல்லாக் காசையும் தள்ளினாலும், நூற்றில் 18 முறை நீங்கள் தோற்பீர்கள். சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு ஃப்ளாப்பில் (நடுவில் முதலில் விழும் மூன்று சீட்டில்) அதே எண்ணின் மூன்றாவது விழும் என்று காத்திருந்தால் எட்டரை முறைக்கு ஒரு முறைதான். இந்த எண்களை மனதில் பதித்துவிட்டு உட்கார்ந்தால், ராத்திரி இரண்டு மணிக்கு 'இன்றைக்கு எனக்கு மட்டும் சீட்டே வரவில்லை' என்ற கோபம் வராது. அந்தக் கோபத்தில்தான் பெரிய பணம் போகிறது.

கேப்டவுன் ரெய்ஸ் எழுதியது:

எல்லோரும் சேர்ந்து தம்பியை ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். நான் நான்கு வருடமாக லாபத்தில் இருக்கிறேன், பெரிய தொகை இல்லை, வருடத்தில் ஒரு நல்ல சுற்றுலாவுக்கு ஆகும். படித்தால் முன்னேறலாம், எதிரே இருப்பவர்கள் தப்பு பண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2007இல் நம் நாட்டுக்காரர் ரேமண்ட் ராமி லாஸ் வேகாஸில் உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டியில் மூன்றாவது இடம் பிடித்து 30 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். அந்த வருடம் முதல் பரிசு வாங்கிய ஜெர்ரி யாங் போக்கர் ஆட ஆரம்பித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. 2003இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் இணையத்தில் சின்னத் தொகை கட்டித் தகுதி பெற்று 25 லட்சம் டாலர் ஜெயித்தார். நடக்காத விஷயம் இல்லையே. தம்பிக்குப் பெரிய கனவே கூடாதா?

ஜோபர்க் கணக்கு டீச்சர் எழுதியது:

கனவு இருக்கட்டும். 2007இல் அந்தப் போட்டியில் 6,358 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டி உட்கார்ந்தார்கள். பரிசு கிடைத்தது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு. மீதிப் பேரின் பெயர் உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, அவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. மணிமேக்கர் ஜெயித்த வருடம் 839 பேர், அடுத்த வருடமே 2,576 பேர் வந்தார்கள், பலர் அவரைப் பார்த்து வந்தவர்கள். ராமி பெருமைப்பட வேண்டிய மனிதர்தான். ஆனால் தம்பி கேட்டது மாதா மாதம் எவ்வளவு என்று, அதற்கு இவர்கள் மூவரும் பதில் ஆக மாட்டார்கள். நீங்கள் சொன்னீர்களே, நான்கு வருடமாக லாபம், வருடத்துக்கு ஒரு சுற்றுலா என்று, அதுதான் நல்ல பதில். படித்து, நிதானமாக ஆடி, நான்கு வருடம் கழித்து ஒரு சுற்றுலா. தம்பி அதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

ஃபீனிக்ஸ் தம்பி எழுதியது:

அண்ணா, அக்கா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு நன்றி. எட்டில் ஒரு வாய்ப்பு என்பதைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. ஓவர்டைம் விஷயத்தில் அண்ணன் போட்ட கணக்குக்குப் பதிலே இல்லை, அதை விடமாட்டேன்.

இரண்டு சந்தேகம். மாதம் ஒரு முறை 1,000 ரேண்ட் டோர்னமென்ட் நடத்துகிறார்கள், இப்போது ஆடும் கேஷ் மேசையை விட்டு அதில் மட்டும் ஆடினால் நஷ்டம் 1,000 ரேண்டோடு நின்றுவிடும் அல்லவா? அப்புறம், கைகளின் எண்ணிக்கைதான் பிரச்சினை என்றால் ஆன்லைனில் வேகமாக ஆடிச் சேர்க்கலாமே, ஒரு நண்பன் வாட்ஸ்ஆப்பில் ஒரு ஆப்பின் லிங்க் அனுப்பியிருக்கிறான்.

கேப்டவுன் ரெய்ஸ் எழுதியது:

டோர்னமென்ட் எனக்குப் பிடித்தது, ஆரம்பிக்கிறவருக்கு அது நல்லதுதான், நீ சொன்ன அதே காரணத்துக்காக. ஆனால் ரீ-என்ட்ரி இருக்கிறதா என்று பார். வெளியே போனதும் இன்னொரு 1,000 கட்டித் திரும்ப வரலாம் என்றால் பலர் ஒரே ராத்திரியில் மூன்று முறை கட்டிவிடுகிறார்கள். ஒன்று என்று போனால் ஒன்றோடு எழுந்துவிடு.

எதிர்பார்ப்பு பற்றிக் கேட்டால், நூறு பேர் ஆடினால் பத்து முதல் பதினைந்து பேருக்குத்தான் பரிசு, அதிலும் கடைசி இடங்களுக்குக் கட்டின காசைப்போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு, அவ்வளவுதான். பெரிய தொகை முதல் மூன்று பேருக்கு. நூற்றில் பதினைந்து முறை பரிசுக்குள் வருகிறவன் என்று உன்னை வைத்துக்கொண்டாலும், தொடர்ந்து பத்து டோர்னமென்ட் ஒரு ரேண்ட்கூடத் திரும்பாமல் போக ஐந்தில் ஒரு வாய்ப்பு. மாதம் ஒன்று என்றால் ஏறக்குறைய ஒரு வருடம் வெறுங்கை. நீ நன்றாகத்தான் ஆடியிருப்பாய், அப்படியும் வெறுங்கை. அந்த வருடத்தைத் தாங்குகிற மனசும் 10,000 ரேண்ட் உபரியும் இருந்தால் தாராளமாக ஆடு, சந்தோஷமான ஆட்டம் அது.

மாரிட்ஸ்பர்க் வாசி எழுதியது:

ஆன்லைன் பற்றி மட்டும் சொல்கிறேன், அது என் துறை. நம் நாட்டில் ஆன்லைன் போக்கர் சட்டவிரோதம். 2004ஆம் ஆண்டு தேசியச் சூதாட்டச் சட்டம் அதைத் தடுக்கிறது. அதை அனுமதித்து ஒழுங்குபடுத்த 2008இல் திருத்தச் சட்டம் ஒன்று நிறைவேறியது, அது இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மாகாண உரிமம் பெற்ற நிறுவனங்களில் விளையாட்டுப் பந்தயம் கட்டுவது வேறு, அது சட்டப்படி நடக்கிறது, அதைப் பார்த்துப் போக்கரும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஸ்வாசிலாந்தில் இருந்த ஒரு ஆன்லைன் கேசினோ வழக்கில் 2011இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டவிரோதமாக ஆடி ஜெயித்த பணம் வங்கிக்கு வந்தால் அதை அரசு பறிமுதல் செய்யலாம். ஆக தோற்றால் உன் காசு, ஜெயித்தால் அரசாங்கத்தின் காசு.

வாட்ஸ்ஆப்பில் வரும் ஆப்கள் இன்னும் மோசம். பணத்தை ஒரு ஏஜென்ட் கையில் கொடுத்து சிப்ஸ் வாங்க வேண்டும், திருப்பிக் கேட்கும்போது அவர் எண் அணைந்திருந்தால் எங்கே போய்ப் புகார் கொடுப்பாய்? ஆடியதே குற்றம். எதிரே இருக்கும் ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆடுகிறார்களா என்பதும் உனக்குத் தெரியாது. லிங்கை அழித்துவிடு.

டொங்காட் அக்கா எழுதியது:

நான் ஆடுவதில்லை, என் வீட்டுக்காரர் ஆடுவார், பல வருடமாக. எங்கள் வீட்டில் கணக்கு நோட்டு என்னிடம். அதைப் பற்றிச் சொல்கிறேன் தம்பி, ஏனென்றால் நீ கல்யாணம் கட்டிக்கொள்ளப் போகிறவன், உன் வருங்கால மனைவிக்கும் இது தெரிய வேண்டும்.

ஆடுகிறவர்களைக் கேட்டால் ஜெயித்த ராத்திரி நன்றாக ஞாபகம் இருக்கும், தோற்ற ராத்திரி மங்கிவிடும். பொய் சொல்கிறார்கள் என்று சொல்லவில்லை, மனசு அப்படித்தான் வேலை செய்கிறது. அதனால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்ததும், தூங்குவதற்கு முன், எழுதிவிட வேண்டும்: எத்தனை மணிக்கு உட்கார்ந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார், எவ்வளவு போட்டார், எவ்வளவு எடுத்தார், டிப்ஸ் எவ்வளவு, பெட்ரோல், பார்க்கிங், சாப்பாடு. கடைசி நான்கையும் எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. எங்கள் நோட்டில் மேசையில் லாபம் என்று நிற்கிற வருடம், இந்தச் செலவைக் கழித்தால் பாதியாகிவிடும். நீ சொன்ன 6,000த்தில் இதெல்லாம் கழித்திருக்கிறாயா? ஃபீனிக்ஸிலிருந்து போய்வரும் பெட்ரோலும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அங்கே விற்கும் விலைக்குச் சாப்பாடும் சும்மா வரவில்லை.

இரண்டாவது, ஆட்டக் காசுக்குத் தனிக் கணக்கு. சம்பளம் வருகிற கணக்கிலிருந்து வீட்டுச் செலவு, பாண்ட், மெடிக்கல் எய்ட், அம்மாவுக்குக் கொடுப்பது எல்லாம் போன பிறகு இருவரும் பேசி ஒரு தொகை ஒதுக்குங்கள், அது முழுக்கப் போனாலும் வீட்டில் ஒரு வேளை அடுப்பு மாறக் கூடாது. அந்தக் கணக்கின் கார்டு மட்டும் பர்ஸில் போகட்டும். மற்ற கார்டு வீட்டில். கேசினோ உள்ளேயே ஏடிஎம் இருக்கிறது, அது சும்மா வைக்கப்படவில்லை.

பாண்ட் விண்ணப்பத்துக்கும் இது முக்கியம்பா. வங்கிக்காரர் மூன்று மாத ஸ்டேட்மென்ட் கேட்பார், அதில் சனிக்கிழமை தவறாமல் கேசினோ பெயர் வந்தால் என்ன நினைப்பார் என்று யோசித்துக்கொள். போக்கரில் வரும் பணத்தை நிரந்தர வருமானம் என்று எந்த வங்கியும் ஏற்காது.

கடைசியாக ஒன்று, கோபித்துக்கொள்ளாதே. எப்போதாவது தோற்றதைத் திரும்ப எடுக்கத்தான் போகிறேன் என்று நீயே உனக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினால், அல்லது எவ்வளவு போட்டாய் என்பதை வீட்டில் குறைத்துச் சொல்லத் தோன்றினால், அன்றைக்கே நிறுத்து. தேசியப் பொறுப்புச் சூதாட்டத் திட்டத்தின் இலவச எண் 0800 006 008, எந்த நேரமும் பேசலாம், காசு கேட்க மாட்டார்கள். உன்னை உள்ளே விடாதபடி நீயே பெயர் எழுதிக் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு குடும்பம் அப்படித்தான் நிமிர்ந்தது.

ஃபீனிக்ஸ் தம்பி எழுதியது:

அக்கா, கோபம் எதற்கு. பெட்ரோல், சாப்பாடு எதையும் நான் கழிக்கவில்லை. இன்றைக்கே நோட்டு போடுகிறேன், அவளிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டப்போகிறேன். லிங்கை அழித்துவிட்டேன்.

மாதம் 1,500 ரேண்ட் ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன், அதற்கு மேல் இல்லை. அண்ணா, அப்படியென்றால் 10/20 மேசையில் தொடரலாமா? அங்கே முழு பை-இன் (உட்காரும்போது மேசையில் வைக்கும் தொகை) 2,000.

சாட்ஸ்வொர்த் அண்ணன் எழுதியது:

வேண்டாம் தம்பி. மேசையில் 100 பிக் பிளைண்ட் போட்டு உட்காருவதுதான் முழு பை-இன், அப்படி இருபது பை-இன்னாவது தனியாக வைத்திருப்பவன்தான் அந்த மேசையில் ஒரு கெட்ட மாதத்தைத் தாண்ட முடியும். 10/20க்கு அது 40,000. உன்னிடம் இப்போது ஆட்டக் காசாக இருப்பது அந்த 6,000, செலவைக் கழித்தால் இன்னும் குறைவு, அதாவது மூன்று பை-இன்கூட இல்லை. மூன்று பை-இன் ஒரே ராத்திரியில் போகும், நீ தப்பே பண்ணாமல் போகும். பயந்துகொண்டே உட்கார்ந்தால் ரெய்ஸ் பண்ண (தொகையை உயர்த்த) வேண்டிய இடத்தில் கால் பண்ணுவாய் (எதிராளி போட்ட அளவு மட்டும் போடுவாய்), எதிரே இருப்பவன் அதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவான்.

அந்த 6,000த்தைத் தொடாமல் ஓரமாக வை. மாதம் அந்த ஒரு டோர்னமென்டுக்கு 1,000, ரீ-என்ட்ரி இல்லாமல். மீதி 500 கராஜ் ஆட்டத்துக்கு. 500 எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு கராஜில் 2/5 போட்டால் 100 பிக் பிளைண்ட், ரேக் கிடையாது, அங்கேதான் கற்றுக்கொள்ள மலிவு. நண்பர்கள் வீட்டில் ஆடும்போது யாரும் பாட்டிலிருந்து பங்கு எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், எடுக்க ஆரம்பித்தால் அது உரிமம் இல்லாத சூதாட்டக் கடையாகிவிடும். ஒவ்வொரு ராத்திரியும் உனக்குச் சந்தேகம் வந்த இரண்டு மூன்று கையை போனில் எழுதிக்கொண்டு வா, ஜெயித்த கையையும் சேர்த்து. ஞாயிறு மத்தியானம் ஓவர்டைம் முடிந்து வந்ததும் இங்கே போடு, பார்த்துச் சொல்கிறோம். போன சனிக்கிழமை ஆடினதில் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

ஃபீனிக்ஸ் தம்பி எழுதியது:

இருக்கிறது அண்ணா. என் கையில் ஏஸும் பத்தும், இரண்டும் ஹார்ட்டின். ஃப்ளாப்பில் இரண்டு ஹார்ட்டின் விழுந்தது, எனக்கு முன்னால் இருந்தவர் 300 பாட்டில் 250 போட்டார். நான் கால் பண்ணினேன், ரிவரில் ஹார்ட்டின் வந்து பெரிய பாட் எடுத்தேன். அது சரியா?

சாட்ஸ்வொர்த் அண்ணன் எழுதியது:

ஹார்ட்டின் ஐந்து சேர்ந்தால் உனக்குப் பெரிய கை, நான்கு இருக்கிறது, உனக்கு உதவுகிற ஹார்ட்டின் ஒன்பது மிச்சம். அடுத்த ஒரு சீட்டில் வர 19 சதவீதம், இரண்டையும் பார்க்கக் கிடைத்தால் 35. அவர் 250 போட்ட பிறகு பாட்டில் 550, நீ 250 கொடுக்க வேண்டும், முடிவில் 800. 250க்கு 800 என்றால் 31 சதவீதமாவது தேவை. டர்னில் (நான்காவது சீட்டு விழுந்ததும்) அவர் திரும்பவும் போட்டிருந்தால் இரண்டாவது சீட்டுக்குத் தனியாகக் காசு கொடுத்திருப்பாய், அப்போது வெறும் 19ஐ வைத்துக் கால் பண்ணியது போல ஆகும். ஆக கேள்வி என்னவென்றால், அவர் முன்னால் எவ்வளவு சிப்ஸ் இருந்தது, டர்னில் என்ன செய்தார்? அதைச் சொல்லு, அப்புறம் பார்க்கலாம்.